விற்ற கட்டடத்துக்குள் இருந்தவர்கள்

கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் அமீனா வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். காப்பி குடித்துக்கொண்டே ஒருவர், "சார், ஜப்திக்கும் சுவாதீனம் எடுக்கவும் போற இடத்துல பயமா இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். பயம் பெரிய விஷயமே இல்லை. கோர்ட் கட்டளையோடு வருகிறவனை மக்கள் திட்டுவார்கள், அழுவார்கள், சிலர் நாயை அவிழ்த்து விடுவார்கள். எல்லாம் ஓரிரு வருடத்தில் பழகிவிடும். எனக்குக் கடைசி வரை பழகாதது ஒன்று உண்டு. எல்லாவற்றையும் முறைப்படி செய்து, கோர்ட்டில் நம் மேலதிகாரியான நாசரிடம் வாரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து தட்டு முன்னால் உட்கார்ந்தால் சோறு இறங்காது. அப்படி ஒரு கேஸை இன்று எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள். சிவகாசிப் பக்கம் ஒரு முன்சீப் கோர்ட்டில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அந்த ஊர் எந்த ஓட்டத்தில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெடிப் பெட்டிக்கு லேபிள், கம்பெனிகளுக்கு விலைப்பட்டியல், வரப்போகும் வருடத்துக்குக் காலண்டர் என்று எல்லா பிரஸ்ஸும் ஒரே நேரத்தில் ஓடும். அந்த நேரத்தில்தான் அந்த வாரண்ட் என் கைக்கு வந்தது.

திருத்தங்கல் சாலையில் ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். சொந்தக்காரர் பெயர் ராஜரத்தினம். எல்லாரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவார்கள். அவர் அதை ஒரு பட்டாசு கம்பெனி முதலாளிக்கு விற்றிருந்தார். காலி செய்து தருகிறேன் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தும் தரவில்லை என்று வாங்கியவர் வழக்குப் போட்டார். அண்ணாச்சி கோர்ட் பக்கமே வரவில்லை. எதிர்ப்பவர் யாரும் இல்லாததால் ஒருதலையாகத் தீர்ப்பானது. கட்டடத்தை எடுத்து, வாங்கியவர் கையில் ஒப்படைக்க வேண்டும் என்பது எனக்கு வந்த உத்தரவு. வாரண்டில் வெளியேற்றப்பட வேண்டியவர் என்று ராஜரத்தினத்தின் பெயர் மட்டும் இருந்தது.

காகிதத்தில் பார்த்தால் அரை மணி நேர வேலை. விற்றவர் மறுக்கப்போவதில்லை. பூட்டைப் போட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் பஸ் ஏறினேன்.

கட்டடத்தின் முன்னால் வாங்கியவருடைய வக்கீல் எனக்கு முன்பே வந்து நின்றார். கூட இரண்டு ஆட்கள், கையில் கடப்பாரை. கட்டடத்துக்குள் வேலை நடந்துகொண்டிருந்தது. வாசல் வரை அச்சடித்த தாள்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. தரையில் உட்கார்ந்து நாலு பெண்கள் வெட்டிய லேபிள்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பேப்பர் வெட்டும் மிஷின், தரையில் போல்ட் அடித்து நிறுத்தியது. அதன் முன்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார். மாரியப்பன் என்று பெயர்.

"இவங்க எல்லாம் யார்?" என்று வக்கீலிடம் கேட்டேன்.

"ராஜரத்தினத்தோட வேலையாட்கள் சார். வெளியே அனுப்பிட்டுப் பூட்டைப் போடுங்க."

நான் உள்ளே போய், கோர்ட்டிலிருந்து வந்திருக்கிறேன், மிஷினை நிறுத்துங்கள் என்றேன். மாரியப்பன் பதறவில்லை. "சார், கத்திக்கு அடியில ஒரு கட்டு இருக்கு. அத மட்டும் வெட்டி எடுத்துரட்டுமா? பாதியில உருவினா அம்புட்டும் கோணிப்போயிரும்" என்றார்.

"வெட்டுங்க" என்றேன். வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த இடைவெளியில்தான் நான் பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். ஏதோ ஒரு பிரஸ்ஸின் மேனேஜர் மொபெட்டில் வந்து இறங்கி நேராக மாரியப்பனிடம் போனார். முந்தின லோடில் ஓரம் தள்ளி வெட்டியிருக்கிறது, முதலாளி சத்தம் போடுகிறார் என்றார். மாரியப்பன் அச்சிலேயே தள்ளித்தான் விழுந்திருக்கிறது என்று ஒரு தாளை எடுத்துக் காட்டினார். மேனேஜர் சமாதானமாகி, நாளைக்கு இன்னொரு லோடு வருகிறது, முதல்ல அதை முடித்துக் கொடுங்கள் என்று கெஞ்சிவிட்டுப் போனார். கட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சாயங்காலம் சீக்கிரம் போகவேண்டும் என்று கேட்டாள். கேட்டது மாரியப்பனின் மனைவியிடம். முத்துலட்சுமி அவர் பெயர். அண்ணாச்சியின் பேச்சையே அங்கே யாரும் எடுக்கவில்லை. ஒரு இடத்தில் யார் கூலியாள், யார் முதலாளி என்பது கால் மணி நேரம் சும்மா நின்றாலே தெரிந்துவிடும். நீங்களும் நின்று பாருங்கள். யாராவது அவசரப்படுத்தினால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள்.

கட்டு வெட்டி முடிந்தது. மாரியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இந்தக் கட்டடத்தை வித்தாச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எந்தக் கட்டடம் சார்?"

நான் சுவரைக் காட்டினேன். அவர் சுவரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"அப்படி இருக்காதே சார்" என்றார் முத்துலட்சுமி. "அண்ணாச்சி நேத்து சாயங்காலம்கூட இங்கன உக்காந்து பேப்பர் படிச்சிட்டுத்தான போனாக. ஒண்ணும் சொல்லலையே."

"வாடகை யாருக்குக் குடுக்கிறீங்க?"

"அண்ணாச்சிக்குத்தான். மாசம் பொறந்ததும் இவரு வீட்டுக்குக் கொண்டு போய்க் குடுத்துருவாரு."

"ரசீது?"

மாரியப்பன் நான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டதுபோல என்னைப் பார்த்தார். "அண்ணாச்சிகிட்டப் போயி ரசீது கேக்கவா சார்?"

வக்கீல் இடையில் வந்தார். "அமீனா சார், வாடகை, ரசீதுன்னு எதுவும் கிடையாது. ராஜரத்தினமே வந்திருக்கார். அவர்கிட்டயே கேட்டுக்குங்க."

சாலையோரப் புளியமரத்தடியில் ஒரு அம்பாசிடர் நின்றிருந்தது. இவர்தான் விற்றவர், இதுதான் அந்தக் கட்டடம் என்று காட்டுவதற்காக அண்ணாச்சியை அழைத்து வந்திருந்தார்கள். அவர் காரைவிட்டு இறங்கவில்லை. எழுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. நான் கார் ஜன்னலருகே போய்க் குனிந்ததும், "என் ஆளுகதான். அப்படியே எழுதிக்கிடுங்க" என்றார். கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, அவரு வாடகை குடுக்கிறதாச் சொல்றாரே."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். டிரைவரைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொன்னார்.

"நான் இங்கன பிரஸ் நடத்தினேன். அப்ப சின்ன வயசுல எங்கிட்ட வேலைக்கு வந்தவன் இவன். பிரஸ்ஸ மூடுறப்ப அந்த வெட்டுற மிஷின அவன்தான் வாங்கினான். இடத்தையும் அவனுக்கே விட்டேன். இப்ப எம் மவன் மதுரையில இருக்கான். இத வச்சிக்கிட்டு என்ன செய்யப்போறீகன்னு வித்துட்டான். காலி பண்ணித் தாரேன்னு கையெழுத்துப் போட்டது நாந்தான்."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"சொல்லணும்னுதான் தினமும் போவேன். பேப்பரத் தூக்கிக்கிட்டு உக்காருவேன். அவன் காப்பி வாங்கிட்டு வந்துருவான். குடிச்சிட்டு எந்திரிச்சு வந்துருவேன்." துண்டைத் திரும்பவும் தோளில் போட்டுக்கொண்டார். "நான் சொல்லி அவன் போனா எனக்குப் பொல்லாப்பு. கோர்ட்டு சொன்னா கோர்ட்டோட போயிரும் பாருங்க. அதுக்குத்தான் கேஸுக்கு நான் வரல."

தம்பிகளே, தங்கைகளே, இந்த வார்த்தையை நான் அதற்குப் பிறகு வேறு வேறு வாய்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அண்ணனைப் போகச் சொல்லத் தெரியாத தம்பி, பெரியம்மாவிடம் பேச முடியாத பிள்ளை என்று ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். தாங்கள் முகம் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகக் கோர்ட்டுக்கு வருகிறவர்கள் ஏராளம். அந்த ஆளாக நம்மை அனுப்புகிறார்கள். வாசலில் நிற்கும்போது அது நினைவிருக்கட்டும்.

மாரியப்பன் கடைக்குத் திரும்பி நடந்தேன். என் நிலைமை என்ன என்று கொஞ்சம் சொல்லவேண்டும்.

ஒரு கட்டடம் கைமாறிவிட்டது என்பதற்காக அதில் வாடகைக்குத் தொழில் செய்கிறவர் வெளியே போகவேண்டியதில்லை. வாங்கியவர், விற்றவருடைய இடத்தில் வந்து நிற்கிறார். வாடகை இனி அவருக்குப் போகும். அவருக்கு இடம் வேண்டும் என்றால் வாடகைதாரர் மேலேயே வழக்குப் போட்டு, சட்டம் ஒத்துக்கொள்ளும் காரணத்தைக் காட்டி, அந்த வழக்கில் ஜெயிக்கவேண்டும். வாடகைதாரரைச் சேர்க்காமல் விற்றவர் மேல் மட்டும் வாங்கிய தீர்ப்பை வைத்து அவரை அசைக்க முடியாது. இன்று வாடகைச் சட்டம் மாறிவிட்டது, ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யவேண்டும் என்றெல்லாம் வந்துவிட்டது. அன்று வாய்ப்பேச்சே ஒப்பந்தம். ஆனால் 'நான் வாடகைதாரர், போகமாட்டேன்' என்று உள்ளே இருப்பவர் வாயைத் திறந்து சொன்னால்தான் நான் அதை எழுதி வாரண்டைத் திருப்ப முடியும். இப்படிச் சொல்லுங்கள் என்று நான் சொல்லிக்கொடுக்க முடியாது. கேட்கலாம். அவ்வளவுதான் என் அதிகாரம்.

"மாரியப்பன், நீங்க அவரோட வேலையாள்னு அண்ணாச்சி சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் என் தோளுக்கு மேலாகக் காரைப் பார்த்தார். கார் ஜன்னலில் அண்ணாச்சியின் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"அண்ணாச்சி சொன்னா சரிதான் சார்" என்றார். சொல்லிவிட்டு மிஷின் மேலிருந்த கட்டைத் தூக்கிக் கீழே வைத்தார்.

"அவசரப்படாதீங்க. இந்த இடத்துல நீங்க என்ன உரிமையில இருக்கீங்க? நான் எழுதிக்கிட்டுப் போகணும். யோசிச்சுச் சொல்லுங்க."

"என்ன அமீனா சார், சொல்லிக் குடுக்கிறீங்களா?" என்றார் வக்கீல்.

"கேட்கிறேன் சார். கேட்காம எழுத முடியாது."

மாரியப்பன் தலை நிமிரவில்லை. "அவுக நெழல்ல வளந்தவன் சார் நான். அவுகள எதுத்து என்னத்தச் சொல்ல?"

வக்கீல் தன் ஆட்களைப் பார்த்துக் கையசைத்தார். அவர்கள் படியேறி வந்தார்கள். அதுவரை சுவரோரம் நின்றிருந்த முத்துலட்சுமி மிஷினுக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"இவரு அவுக ஆளாவே இருந்துட்டுப் போகட்டும். நான் யாருக்கும் ஆளில்ல. இந்த மிஷினு வாங்க எங்கய்யா மல்லாங்கிணத்துல இருந்த கரிசக்காட்ட வித்துக் குடுத்தாரு. இந்த இடத்துக்கு ஒரு மாசம் தவறாம வாடகை குடுத்திருக்கோம். நான் வெளிய போகமாட்டேன். எழுதிக்கிடுங்க சார்."

"ஏ புள்ள, பேசாம இரு" என்றார் மாரியப்பன். "அண்ணாச்சி இருக்காக."

"இருக்கட்டும். அவுக காதுல விழணும்னுதான் சத்தமாச் சொல்றேன்."

கடப்பாரைக்காரர்களில் ஒருவன் வாசலில் இருந்த லேபிள் கட்டின் மேல் கை வைத்தான். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. "வாரண்ட் என் கையில இருக்கு. நான் சொல்லாம இங்க ஒரு தாள் நகரக்கூடாது" என்று கத்திவிட்டேன். அவன் கையை எடுத்துவிட்டான். நான் ஒரு பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்து, முத்துலட்சுமி என்பவர் தான் வாடகைதாரர் என்று சொல்லித் தடை செய்கிறார், ஆகவே ஒப்படைக்க முடியவில்லை என்று எழுதினேன். அவரிடம் கையெழுத்து வாங்கினேன். ஜட்ஜிடம் புகார் செய்வேன் என்று வக்கீல் சொன்னார். தாராளமாகச் செய்யுங்கள் என்றேன். மேலுக்குத்தான் தைரியம்.

கார் கிளம்பியது. மாரியப்பன் சாலைக்கு ஓடிப்போய், "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே கொஞ்ச தூரம் போனார். கார் நிற்கவில்லை. திரும்பி வந்தவர் மனைவியைப் பார்க்காமல் தாண்டிப் போனார். மிஷினைப் போட்டார்.

முத்துலட்சுமியின் தடையை நீக்கக் கேட்டு வாங்கியவர் மனுப் போட்டார்; கோர்ட்டில் விசாரணை நடந்தது. நான் பார்த்ததை, கேட்டதைக் கூண்டில் ஏறிச் சொன்னேன். கார் ஜன்னலில் அண்ணாச்சி என்னிடம் சொன்னதையும் சொன்னேன். பிறகு மாரியப்பனைக் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "நீங்கள் வாடகைக்கு இருந்தீர்களா?" என்று கேட்டதும் மாரியப்பன் பின்வரிசையைப் பார்த்தார். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் என்று ஜட்ஜ் சொன்ன பிறகு, "வாடகை குடுத்தது உண்மைங்கய்யா" என்றார். உடனே, "அண்ணாச்சி நல்லவுகங்கய்யா" என்றார். முதலில் சொன்னதை டைப் அடித்தார்கள். இரண்டாவதை அடிக்கவில்லை. அது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது.

அடுத்து அண்ணாச்சி ஏறினார். வாங்கியவர் பக்கத்தில் அவரைத் தங்கள் சாட்சியாகத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, "வாடகைக்குத்தான் விட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். மேற்கொண்டு கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

தீர்ப்பு மாரியப்பன் தம்பதிக்குச் சாதகமாக வந்தது. கட்டடம் புதியவருடையது. ஆனால் மாரியப்பனும் முத்துலட்சுமியும் வாடகைதாரர்களாக அங்கேயே தொடரலாம். வாங்கியவருக்குப் பெயரளவில் மட்டும் சுவாதீனம் கொடுக்கவேண்டும். அதாவது யாரையும் வெளியேற்றாமல், கட்டடத்தில் உத்தரவை ஒட்டி, தமுக்கடித்து, இனி இதன் சொந்தக்காரர் இன்னார் என்று அறிவித்துவிட்டு வரவேண்டும்.

அதற்கும் நான்தான் போனேன். போகும்போது மனசு லேசாக இருந்தது. ஆளை வெளியே தள்ளாமல் முடிகிற வேலை நமக்கு எத்தனை தடவை வாய்க்கிறது? தமுக்கடிப்பவர் வாசலில் நின்று நன்றாகவே அடித்தார். அக்கம்பக்கத்துப் பிரஸ்களிலிருந்து ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். கோர்ட் தமிழில் எழுதியிருந்ததை நான் உரக்க வாசித்தேன். 'மேற்படி சொத்து', 'சுவாதீனம்', 'டிகிரிப்படி' என்ற வார்த்தைகள் அதில் இருந்தன. முத்துலட்சுமி வாசலில் நின்று கேட்டார். முடிந்ததும், "இனி வாடகைய அந்த முதலாளிக்கு அனுப்பணும், அம்புட்டுதான சார்?" என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். மாரியப்பன் மிஷினை விட்டு வெளியே வரவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு கடை வாசலில் தமுக்குச் சத்தம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்தக் கடை ஜப்தி. நான் வாசித்தது அவர்களைக் காப்பாற்றுகிற உத்தரவு என்று அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்? மறுவாரம் கோர்ட் வாசல் டீக்கடையில் ஒரு பிரஸ்காரர் என்னிடமே, "திருத்தங்கல் ரோட்டு கட்டிங் கடைய ஜப்தி பண்ணிட்டீகளாமே?" என்று கேட்டார். இல்லையப்பா, அவர்கள்தான் ஜெயித்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "இருந்தாலும் சார், கேஸு நடந்த கட்டடம். சீசன்ல அங்கன லோட இறக்கிட்டு, நாளைக்கு யாராவது வந்து பூட்டிட்டா நான் கம்பெனிக்கு என்ன பதில் சொல்ல?" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பேன்.

அந்த நாளுக்குப் பிறகு தமுக்கடிக்கப் போன இடங்களிலெல்லாம், உத்தரவை வாசித்து முடித்ததும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டு நம் பேச்சுத் தமிழில் ஒருமுறை சொல்லிவிடுவேன். "இவங்க இங்கதான் இருப்பாங்க. கடை நடக்கும். கட்டடத்துக்கு ஓனர் மட்டும் மாறியிருக்கார்." எந்த விதியிலும் அப்படிச் சொல்லவேண்டும் என்று இல்லை. சொல்லக்கூடாது என்றும் இல்லை. நீங்களும் சொல்லுங்கள். மூணு வாக்கியம்தான்.

அடுத்த தீபாவளி சீசன் வந்தது. ஒரு நாள் மதியம் நாசர் அறையில் உட்கார்ந்து திரும்பிய வாரண்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் முத்துலட்சுமி நின்றார். கையில் ஒரு சாவிக்கொத்து.

"இத யாருகிட்ட குடுக்கணும் சார்?"

முதலில் எனக்குப் புரியவில்லை. கட்டடத்துச் சாவி என்றார். உட்காரச் சொன்னேன்.

"அந்த முதலாளி ஏதாவது தொந்தரவு பண்ணினாரா? ஆள் விட்டு மிரட்டினாங்களா? சொல்லுங்க, அதுக்கு வழி இருக்கு."

"ஒருத்தரும் மிரட்டல சார். வாடகைய அனுப்பினா வாங்கிக்கிடுதாரு."

"பின்ன ஏம்மா? உங்களை யாரும் வெளியேத்த முடியாது. அவர் தனியாக் கேஸ் போடணும். அதுல ஜெயிக்கணும். அதுக்கு வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் அது உங்க இடம்."

அவர் நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். "போகச் சொன்னவுகள நீங்க நிப்பாட்டிட்டீக. அதுக்கு நாங்க காலத்துக்கும் கடமைப்பட்டவுக. ஆனா வரவேண்டியவுக வரல சார். சீசன்ல மிஷினு சும்மா நிக்கி. பழைய பார்ட்டிக எல்லாம் அண்ணாச்சிக்கு வேண்டப்பட்டவுக, அவுகள எதுத்துட்டோம்னு பாதிப் பேரு போயிட்டாக. மீதிப் பேரு கோர்ட்டு, கேஸுன்னு பயந்து போயிட்டாக. அவுகள வரச் சொல்லி ஒரு ஆர்டர் போட முடியுமா சார்?"

நான் வாரண்டுக் கட்டை ஒதுக்கி வைத்தேன்.

"முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பக்கத்துத் தெருவுல ஒரு இடம் பாத்து மிஷினக் கொண்டு போயிருப்போம். பார்ட்டிகளும் கூடவே வந்திருப்பாக. இவரு நாலு நாள் வருத்தப்பட்டிருப்பாரு. அம்புட்டுதான்" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது. அன்று கடப்பாரைக்காரர்கள் முன்னால் நின்றபோது உடையாத குரல்.

அந்தச் சாவியை வாங்க எனக்கு அதிகாரம் இல்லை. எந்த உத்தரவும் அதைக் கேட்கவில்லை. இரண்டு நாள் பொறுங்கள், யோசியுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றார். எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலம்மாவிடம் அழைத்துப் போய், அவர்களாகவே ஒப்படைப்பதாக எழுதி, வாங்கியவரிடம் முறைப்படி கொடுக்க ஏற்பாடு செய்தேன். என் சர்வீஸில் யாரையும் காலி செய்யாமலே ஒரு கட்டடம் காலியானது அந்த ஒருமுறைதான்.

மிஷினைச் சாத்தூரில் ஒரு பிரஸ்காரர் வாங்கிக்கொண்டார். அதை ஓட்ட ஆள் வேண்டும் என்று கேட்டதால் மாரியப்பனும் அங்கேயே சம்பளத்துக்குப் போய்விட்டார். முத்துலட்சுமி திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். ஓட்டுக் கட்டடத்தை இடித்து, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த பட்டாசுக் கடை கட்டினார்கள்.

நான் செய்ததில் தப்பு எது என்று பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். எதுவும் கிடைக்கவில்லை. ஜட்ஜிடமும் தப்பில்லை, சட்டத்திலும் தப்பில்லை. கோர்ட்டால் ஒருவரை ஓர் இடத்தில் இருக்கவைக்க முடியும். கடை என்பது அந்த இடம் மட்டும் இல்லையே. வீட்டில் குடியிருப்பவரைக் காப்பாற்றினால் வீடு மிஞ்சும். கடை வைத்திருப்பவரைக் காப்பாற்றும்போது சுவர் மட்டும் மிஞ்சிவிடக்கூடும். இதற்கு என்ன வழி என்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். வாரண்டோடு போகும்போது, உள்ளே இருப்பவர்களுக்கு விஷயம் முன்பே தெரியுமா என்று முதலில் கேளுங்கள். தெரியாது என்றால், அன்று அவர்கள் வாழ்க்கையிலேயே பெரிய செய்தியைக் கொண்டு வந்திருப்பவர் நீங்கள்தான். அதற்குத் தகுந்த மாதிரி குரலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு சிவகாசி பஸ் ஸ்டாண்டில் அண்ணாச்சியைப் பார்த்தேன். மெலிந்து போயிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு அவரே பக்கத்தில் வந்தார். சொந்த பந்தம், மழை என்று சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, "அவன் எங்கன இருக்கான், உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

சாத்தூர் பிரஸ்ஸின் பெயரைச் சொன்னேன். பஸ்ஸில் போனால் பக்கம்தான், இறங்கியதும் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள் என்றும் சொன்னேன். "ஒருதடவ போய்ப் பாத்துட்டு வாங்க அண்ணாச்சி. அவர் உங்க மேல கோவமா இருக்கமாட்டார்."

"இருக்கமாட்டான்" என்றார் அண்ணாச்சி. "போனா காப்பி வாங்கிட்டு வருவான். அதனாலதான் போக முடியல."

சாத்தூர் பஸ் எங்கள் முன்னால் வந்து நின்றது. ஆட்கள் ஏறினார்கள். அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, விருதுநகர் பஸ் நிற்கும் பக்கமாக நடந்து போனார்.